இரவில் கயோட்டி வேட்டை: சிவப்பு விளக்கா, பச்சையா, வெள்ளையா?

ஆட்டுப்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் சான் ஏஞ்சலோ பக்கம் என் நண்பருக்கு ஆட்டுப் பண்ணை இருக்கிறது. செம்மறியும் வெள்ளாடும் கலந்த மந்தை. குட்டி போடும் காலம் வந்துவிட்டால் கயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, அமெரிக்கக் காட்டு நாய் வகை) தொல்லை தாங்க முடிவதில்லை. வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் தொண்டையில் கடிபட்ட குட்டி கிடக்கும். காவலுக்கு கிரேட் பிரனீஸ் நாய்கள் இரண்டு உண்டு. ஆனால் மேய்ச்சல் நிலம் பெரியது. அவை ஒரு பக்கம் விரட்டிக்கொண்டு ஓடும்போது மறுபக்கம் குட்டி போய்விடுகிறது.

அதனால் நானும் நண்பரும் இரவில் காவல் இருக்கப் போகிறோம். உரிமம் இருக்கிறது. .223 ரைஃபிளில் பகலில் நன்றாகப் பழகியிருக்கிறோம். 150 கெஜத்துக்கு மேல் சுடுவதாக இல்லை. விளக்கு வாங்குவதில்தான் குழப்பம். சிவப்பு வெளிச்சம் மிருகத்துக்குத் தெரியவே தெரியாது என்கிறார் ஒருவர். பச்சைதான் தூரம் போகும் என்கிறார் இன்னொருவர். வெள்ளையே போதும், மற்றதெல்லாம் வியாபாரம் என்கிறார் மூன்றாமவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெஸ்கிட்:

தம்பி, நிறத்துக்கு அப்புறம் வருகிறேன். எத்தனை விளக்கு வாங்கப் போகிறீர்கள்? ஒன்றுதான் என்றால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். தேட ஒன்று, துப்பாக்கியில் பூட்ட ஒன்று, கட்டாயம் இரண்டு வேண்டும். துப்பாக்கியில் பூட்டிய விளக்கால் இருட்டைத் துழாவினால் வெளிச்சம் போகும் இடமெல்லாம் குழலும் போகும். அந்தப் பக்கம் உங்கள் நண்பர் நிற்கலாம், நாய் படுத்திருக்கலாம், பக்கத்துப் பண்ணைக்காரர் வேலி பார்த்துக்கொண்டு வரலாம். என்னவென்றே தெரியாத ஒன்றின் மேல் குழலை நீட்டுவது எந்த நிற வெளிச்சத்திலும் தப்புதான்.

தேடும் விளக்கு தலையில் மாட்டுவதாக இருக்கட்டும். கயோட்டியின் விழித்திரைக்குப் பின்னால் மினுங்கும் படலம் ஒன்று உண்டு. வந்த ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். விளக்கு உங்கள் கண்ணை ஒட்டி இருந்தால்தான் அந்த மினுக்கம் முழுசாக உங்களுக்கு வந்து சேரும். இடுப்பளவில் பிடித்தால் தூரத்துக் கண் மங்கிவிடும்.

நிறம் கேட்டால், தேடுவதற்கு நான் சிவப்புதான் வைத்திருக்கிறேன். ஆனால் நிறத்தைவிடப் பிடிக்கும் விதம் பெரிது. கற்றையின் நடுவில் இருக்கும் பளிச்சென்ற பொட்டைப் புல்வெளியில் போடாதீர்கள். அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, அடியில் விழும் மங்கலான ஓரத்தால் மட்டும் நிலத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள். கண் மினுங்க அந்த ஓரமே போதும். மினுங்கியதும் அணைக்காதீர்கள், ஆட்டாதீர்கள். கயோட்டி பயப்படுவது வெளிச்சம் திடீரென்று மாறுவதைப் பார்த்துத்தான். ஓரத்திலேயே வைத்து வரவிடுங்கள். அது நின்று, நீங்கள் சுடத் தயாரான பிறகு பொட்டை இறக்கினால் போதும்.

விழித்திரை:

நான் கண் பரிசோதகர். வேட்டைக்குப் போனதில்லை, இந்த "தெரியவே தெரியாது" விஷயத்தை மட்டும் தெளிவுபடுத்துகிறேன்.

நமக்கு நிறம் பிரிக்க மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. நாய்க்கு இரண்டுதான். நெய்ட்ஸ், கீஸ்ட், ஜேக்கப்ஸ் மூவரும் 1989-ல் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் ஒன்றின் உச்சம் (அது மிக நன்றாக உணரும் ஒளியின் அலைநீளம்) சுமார் 429 நானோமீட்டர், மற்றதன் உச்சம் சுமார் 555 என்று கண்டார்கள். கயோட்டியும் நாயும் ஒரே பேரினம், இரண்டும் கலந்து குட்டி போடும் அளவுக்கு நெருக்கம். அதனால் இதைக் கயோட்டிக்கும் பொருத்திப் பார்ப்பதில் பெரிய பிசகு வராது.

சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 620 முதல் 630 வரை. 555-ல் உச்சம் வைத்த கூம்புக்கு இது தூரம்தான், ஆனால் எட்டாத தூரம் இல்லை. அதாவது சிவப்பை அது பார்க்கும், சிவப்பாகப் பார்க்காது. மங்கலான, மஞ்சள் பழுப்பான ஏதோ ஒன்றாகத் தெரியும். இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கு உச்சம் 500-ஐ ஒட்டி இருப்பதால் அவற்றுக்கு 630 ஏறக்குறைய படுவதே இல்லை. ஆகவே மங்கலான சிவப்பு கயோட்டிக்கு உறுத்தாது. பிரகாசமான சிவப்பை நேராக முகத்தில் அடித்தால் கட்டாயம் உறுத்தும்.

பச்சை 520, 530 வாக்கில் இருக்கிறது. கூம்பின் உச்சத்துக்கும் பக்கம், குச்சியின் உச்சத்துக்கும் பக்கம். நமக்கும் கயோட்டிக்கும் இரண்டு பேருக்குமே பச்சை பளிச்சென்று தெரியும். "பச்சை மிருகத்துக்குத் தெரியாது" என்று பெட்டியில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

சிவப்பில் இன்னொரு லாபம் நம் பக்கம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு தடவை வெள்ளை விளக்கைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும். மங்கலான சிவப்பில் கெடாது. வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கிப் பக்கத்தில் சிவப்பு டார்ச் வைத்திருப்பது இதற்காகத்தான்.

கோதுமைக்காடு:

மெஸ்கிட் அண்ணா சொன்ன பிடிக்கும் விதத்தை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவப்பை எல்லோருக்கும் சிபாரிசு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் இருப்பது விக்கிட்டா ஃபால்ஸ் பக்கம். மரமே இல்லாத கோதுமை வயல். அங்கே சிவப்பில் கண் மினுங்குவது தெரிகிறது, உடம்பு தெரிவதில்லை. காய்ந்த புல்லும் சிவப்பு வெளிச்சத்தில் வெளிறித்தான் தெரியும், கயோட்டி முடியும் வெளிறித்தான் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. பச்சையில் அதே தூரத்தில் காது, முதுகு, கால் என்று வடிவம் பிரிந்து வருகிறது. விலங்குக்கும் பளிச்சென்று தெரியும் என்று டாக்டர் சொல்வது சரி. அப்படியானால் வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு உள்ள விளக்காக வாங்கிக் குறைத்து வைத்துக்கொண்டால் ஆயிற்று. எனக்குக் குறைந்த பச்சையில் தெரிகிற அளவுக்கு முழுச் சிவப்பில் தெரிவதில்லை.

விழித்திரை:

கோதுமைக்காடு, நீங்கள் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டதா? நம் கண்ணில் சிவப்பு ஒளி விழித்திரைக்குக் கொஞ்சம் பின்னால்தான் குவியும். இளவயதில் கண்ணே அதைச் சரிசெய்துகொள்ளும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும் தூரப்பார்வைக்காரர்களுக்கும் சிவப்பில் விளிம்பு கூர்மையாக விழாது, பச்சையில் விழும். கிட்டப்பார்வை லேசாக இருந்து கண்ணாடி போடாதவர்களுக்கு இதுவே தலைகீழ்.

அப்புறம் நிறக்குறைபாடு. ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு (ஐரோப்பிய வம்சாவளியினர் கணக்கு, மற்றவர்களில் சற்றுக் குறையும்). அதில் ஒரு வகையினருக்குச் சிவப்பு இருளோடு இருளாக மங்கிவிடும். அவர்கள் சிவப்பு விளக்கு வாங்குவது வீண். ஆகவே ஆட்டுப்பட்டி, வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரண்டையும் இரவல் வாங்கி, 100 கெஜத்தில் ஒரு பழுப்பு அட்டைப் பெட்டியைக் காய்ந்த புல்லில் வைத்து நீங்களும் உங்கள் நண்பரும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கோதுமைக்காடு:

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது டாக்டர். இத்தனை நாள் விளக்குதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிக்க நன்றி.

வேலிக்கரை:

ஆட்டுப்பட்டி தம்பி, உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த இரண்டு நாய்கள்தான். எங்கள் பண்ணையிலும் காவல் நாய்கள் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கண் மினுங்குகிறது என்பதை வைத்துச் சுடக்கூடாது. மினுங்கும் கண் கயோட்டிக்கு மட்டும் இல்லை. நாய், நரி, ரக்கூன், மான், மாடு, ஆடு எல்லாமே மினுங்கும். வெள்ளை விளக்கில் ஒவ்வொன்றின் மினுக்கத்துக்கும் ஒரு சாயல் இருக்கும், பழகினால் ஓரளவு பிரித்துவிடலாம். சிவப்பு விளக்கில் எல்லாக் கண்ணும் சிவப்பு, பச்சை விளக்கில் எல்லாக் கண்ணும் பச்சை. அந்தத் துப்பு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது உயரம், நடை, வால். கயோட்டி ஓடும்போது வாலைத் தொங்கவிட்டு ஓடும், நாய் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு ஓடும். பிரனீஸ் கயோட்டியைவிட நல்ல உயரம். ஆனால் புல்லில் படுத்திருக்கும் நாயின் உயரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் செய்வது இதுதான். காவல் இருக்கும் இரவில் நாய்களைப் பட்டிக்குள் அடைத்துவிடுவோம். அப்படியும் தப்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கழுத்தில் அகலமான பிரதிபலிப்புப் பட்டை கட்டியிருக்கிறோம். சாலைப் பணியாளர் சட்டையில் இருக்குமே, அந்த வெள்ளிப் பட்டை. சிவப்போ பச்சையோ எது பட்டாலும் கண்ணுக்குக் கீழே கோடு மாதிரி பளீரென்று அடிக்கும். கழுத்தில் கோடு தெரிந்தால் விரல் விசைக்குப் போகவே கூடாது. பக்கத்துப் பண்ணை நாய்களுக்கும் வாங்கிக் கொடுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

மெஸ்கிட்:

வேலிக்கரை அக்கா சொன்னதை இந்த இழையின் முதல் பதிலாகப் போட்டிருக்க வேண்டும். தேட எந்த நிறம் வேண்டுமானாலும் இருக்கட்டும். சுடுவதற்கு முன் உடம்பு முழுதும் தெரிய வேண்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது போகட்டும், நாளை வரும்.

பனித்துளி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஏன் சுட வேண்டும்? நாய், வேலி, இரவில் பட்டியில் அடைப்பது இதெல்லாம் போதாதா?

வேலிக்கரை:

கேட்க வேண்டிய கேள்விதான். நாங்களும் நாயையும் வேலியையும்தான் முதலில் நம்புகிறோம். வேலி அடியில் கம்பி வலையை மண்ணுக்குள் இறக்கிய பிறகு சேதம் நன்றாகக் குறைந்தது. ஆனால் 2014-ம் ஆண்டு இழப்பைப் பற்றி அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட கணக்கில், கொன்றுண்ணிகளால் இறந்த செம்மறிகளில் பாதிக்கும் மேல் கயோட்டியால் போனவை. ஒரு தடவை குட்டியின் ருசி கண்ட விலங்கு அதே வேலிக்குத் திரும்பத் திரும்ப வரும். அதைத்தான் சுடுகிறோம். மலையில் எலி பிடித்துத் திரியும் கயோட்டியைத் தேடிப் போய்ச் சுடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. இங்கே சிலருக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம்.

பைன்காடு:

அடையாளம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நான் வட கரோலினா. இங்கே 2012-ல் விளக்கு வைத்து இரவில் கயோட்டி சுட மாநிலம் அனுமதித்தது. ஆனால் கிழக்கே டேர், ஹைடு, டிரெல், வாஷிங்டன், போஃபோர்ட் ஆகிய ஐந்து கவுண்டிகளில் சிவப்பு ஓநாய் இருக்கிறது. காட்டில் சிவப்பு ஓநாய் மிஞ்சியிருப்பது உலகத்திலேயே அந்தப் பகுதியில்தான். பகலிலேயே கயோட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், குட்டிப் பருவத்தில் இன்னும் கஷ்டம். 2014-ல் நீதிமன்றம் தலையிட்டு அந்த ஐந்து கவுண்டிகளில் கயோட்டி வேட்டைக்குத் தடை போட்டது. இந்த விலங்கை இந்த வெளிச்சத்தில் பிரித்தறிய முடியுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெக்சஸில் இருப்பவர்களுக்கு ஓநாய்ப் பிரச்சினை இல்லை, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சில இடங்களில் எந்த விளக்கு, எந்தக் கருவி என்பதற்கே விதி இருக்கிறது. வாங்கும் முன் உங்கள் மாநில வனவிலங்குத் துறைத் தளத்தைப் படித்துவிடுங்கள்.

ஆட்டுப்பட்டி:

நன்றி பைன்காடு. டெக்சஸ் விதிகளைப் படித்துவிட்டேன். கயோட்டிக்கு இங்கே மூடிய பருவம் (வேட்டையாடக் கூடாத மாதங்கள்) கிடையாது. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு இரவிலும் சுடலாம். பொதுச் சாலையிலிருந்து கூடாது. விளக்கோடு இறங்கும் இரவில் வட்டார வேட்டைக் காவலருக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிடலாம் என்று இருக்கிறோம். இருட்டில் வெளிச்சம் ஆடுவதைப் பார்த்து யாராவது மான் திருடர்கள் என்று புகார் கொடுத்தால் அவரும் வீணாக அலைய வேண்டாம்.

மேட்டூரான்:

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறேன். எங்கள் ஊரிலும் நரி ஆட்டுக்குட்டி தூக்குவதாகச் சொல்வார்கள். இங்கே இப்படி விளக்கு வைத்து...?

மெஸ்கிட்:

கூடவே கூடாது தம்பி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆடு போனால் வனத்துறையிடம்தான் போக வேண்டும். இங்கே பேசுவது முழுக்க அமெரிக்கக் கயோட்டி பற்றி மட்டுமே.

வெப்பக்கண்:

யாரும் அகச்சிவப்பு பற்றிப் பேசவில்லையே. டிஜிட்டல் இரவுப்பார்வை ஸ்கோப் (துப்பாக்கியில் பூட்டும் தொலைநோக்கி) இருந்தால் நிறச் சண்டையே இல்லை. 850 நானோமீட்டர் விளக்கு நமக்கும் கயோட்டிக்கும் தெரியாது, நேராக விளக்கின் முகத்தைப் பார்த்தால் மட்டும் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியும் வேண்டாம் என்றால் 940. ஆனால் அந்த அலைநீளத்தில் சென்சாரின் திறன் குறைவதால் தூரம் நன்றாகக் குறையும். நான் 850 வைத்திருக்கிறேன்.

வெப்பப்படக் கருவி வேறு ரகம். விளக்கே தேவையில்லை, உடல் சூடு தெரியும். தேடுவதற்கு அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் விலை ஆயிரக்கணக்கான டாலரில் போகும். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெப்பக்கதிர் கண்ணாடியைத் தாண்டாது. முக்கியமாக, வேலிக்கரை அக்கா சொன்ன பிரதிபலிப்புப் பட்டை அதில் பளிச்சிடவே பளிச்சிடாது. நாயும் கயோட்டியும் இரண்டு சூடான உருவங்கள், அவ்வளவுதான். வெப்பக் கருவியால் தேடி, விளக்கால் உறுதி செய்துவிட்டுச் சுடுபவர்கள்தான் எனக்குத் தெரிந்து நிதானமானவர்கள்.

ஆட்டுப்பட்டி:

அந்த அளவுக்குப் பணம் இல்லை அண்ணா. விளக்குதான். கடைப் பெட்டியில் லூமன் ஒரு கணக்கு, கேண்டெலா ஒரு கணக்கு, 400 மீட்டர் போகும் என்று ஒரு கணக்கு. எதைப் பார்க்க வேண்டும்?

மெஸ்கிட்:

கேண்டெலாவைப் பாருங்கள். லூமன் என்பது விளக்கு மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கொட்டுகிறது என்பது. கேண்டெலாதான் ஒரு திசையில் எவ்வளவு கூர்மையாகப் போகிறது என்பது. பெட்டியில் போட்டிருக்கும் தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம். பௌர்ணமி நிலவு தரும் அளவு அது. 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர் என்று போடுவார்கள், கணக்கு சரிதான். ஆனால் நிலா வெளிச்ச அளவில் நாயா கயோட்டியா என்று சொல்ல முடியுமா? முடியாது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. அதே விளக்கு 100 மீட்டரில் 4 லக்ஸ் கொடுக்கும், அங்கேதான் உருவம் உருவமாகத் தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் 150 கெஜம் என்கிறீர்கள், அதாவது சுமார் 137 மீட்டர். பெட்டியில் 400-க்குக் குறையாமல் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கற்றையை விரிக்கவும் குவிக்கவும் முடிவது நல்லது.

பனிமூட்டத்துக்கு எந்த நிறம் என்று அடுத்து கேட்பீர்கள். எந்த நிறமும் உதவாது. மூட்டத்தில் இருக்கும் நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மூட்டம் போட்டால் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

கோதுமைக்காடு:

ஒன்று விட்டுப்போயிற்று. சுட்ட பிறகு தேட வெள்ளை டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். சிவப்பு வெளிச்சத்தில் இரத்தத் துளி புல்லோடு மறைந்துவிடும். பச்சையில் கறுப்பாகத் தெரியும், பரவாயில்லை. வெள்ளையில்தான் இரத்தம் இரத்தமாகத் தெரியும். அடிபட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வருவது பாவம். கிடைத்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், சொறியும் வெறிநோயும் இருக்கலாம்.

ஆட்டுப்பட்டி:

டாக்டர் சொன்னபடி நேற்று பண்ணையில் சோதித்துப் பார்த்தோம், பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு விளக்கும் கொடுத்தார். எனக்குச் சிவப்பில் பெட்டியின் விளிம்பு நன்றாகத் தெரிந்தது. நண்பருக்கு (வயது 58) சிவப்பில் ஏதோ கிடக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, பச்சையைப் போட்டதும் மடிப்புவரை சொன்னார். எனவே தேடும் தலைவிளக்கு சிவப்பு, அதை நான் மாட்டிக்கொள்கிறேன். துப்பாக்கி விளக்கு பச்சை, திருகு வைத்தது, சுடுவது அவர். நாய்களுக்குப் பட்டை இன்றே வாங்கியாகிவிட்டது. கடைசியாக ஒன்று: கயோட்டியை வரவழைக்க முயல் அலறும் சத்தம் போடும் கருவியை எங்கே வைப்பது?

மெஸ்கிட்:

உங்களிடமிருந்து 40, 50 கெஜம் தள்ளி, காற்று வரும் பக்கம் வையுங்கள். கயோட்டி சத்தத்துக்கு நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று போகும் பக்கம் வந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். அதனால் உங்கள் சிவப்பு ஓரம் அதிகம் தடவ வேண்டியது கருவி இருக்கும் பக்கத்தை அல்ல, உங்கள் முதுகுக்குப் பின்னால் காற்று போகும் பக்கத்தை. அந்தப் பக்கம் ஆட்டுப்பட்டியோ வீடோ வராதபடி இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி 18650 (சார்ஜ் செய்யும் லித்தியம் வகை) என்றால் மாற்று ஜோடி ஒன்றைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். ஜனவரிக் குளிரில் வெளியே இருப்பது சீக்கிரம் படுத்துவிடும்.